எட்டாம் நாள் காய்ச்சல்

(குன்னூரில் தோட்டச் சுகாதாரப் பணியாளர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அவையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாம்பு கடித்து, ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்து வீடு திரும்பிய ஒருவருக்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால் நம் ஊரில் என்ன சொல்வார்கள்? "விஷம் இன்னும் முழுசா இறங்கல" என்பார்கள். உடம்பெல்லாம் தடித்துக் காணாக்கடி போல அரித்தால், "கருவாடு சாப்பிட்டியா, கத்தரிக்காய் சாப்பிட்டியா" என்று கேட்பார்கள். முட்டியும் மணிக்கட்டும் வீங்கி வலித்தால் சிக்குன்குனியா என்று முடிவு கட்டுவார்கள். மந்திரிக்க அழைத்துப் போகிறவர்களும் உண்டு. காய்ச்சல், அரிப்பு, மூட்டுவலி மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான், அது அவர் உயிரைக் காத்த அதே மருந்து என்பதை லைன் வீட்டில் படுத்திருக்கும் அந்த மனிதருக்குப் பெரும்பாலும் யாரும் சொல்லியிருப்பதில்லை.

இன்று நான் பேச வந்தது இந்த நோயைப் பற்றி. மருத்துவத்தில் இதற்கு 'சீரம் சிக்னஸ்' என்று பெயர். தமிழில் சீரம் நோய் என்று சொல்லிக்கொள்ளலாம். வேறொரு விலங்கின் புரதம் நம் உடலுக்குள் ஊசி வழியே போகும்போதும், சில மருந்துகளைச் சாப்பிடும்போதும், அவற்றை எதிர்க்க உடல் செய்யும் முயற்சியிலிருந்தே இது பிறக்கிறது. பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அப்படியிருந்தும் இதற்காக ஒரு மாலைப் பொழுதை நான் கேட்டு வாங்கியதற்குக் காரணம் உண்டு. இது வரும் நேரத்தில் நோயாளி மருத்துவர் கண்ணில் இருக்க மாட்டார். ஊசி போட்ட இடம் ஊட்டியாகவோ கோவையாகவோ இருக்கும். காய்ச்சல் வருவது கொலக்கம்பையிலோ, பந்தலூரிலோ, மஞ்சூருக்கு அப்பால் ஏதோ ஓர் எஸ்டேட்டிலோ இருக்கும். நடுவில் ஏழெட்டு நாள் ஓடிப்போயிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இருக்காது.

அலர்ஜி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஊசி போட்ட ஐந்தாவது நிமிடத்தில் மயங்கி விழுவது. அது வேறு வகை. பிரான்சில் சார்ல்ஸ் ரிஷே என்பவரும் பால் போர்ட்டியே என்பவரும் 1902-இல் நாய்களிடம் கண்டு எழுதியது அது. அதற்காக ரிஷே 1913-இல் நோபல் பரிசு பெற்றார். உடனே வருவதால் அதை எல்லோரும் பார்க்கிறார்கள், எல்லோரும் அஞ்சுகிறார்கள். தாமதமாக வருவதை யாரும் பார்ப்பதில்லை.

இந்த விஷயத்தைப் பேசக் குன்னூரைவிடப் பொருத்தமான ஊர் தென்னிந்தியாவில் இல்லை என்றே நினைக்கிறேன். சிம்ஸ் பார்க்கை ஒட்டி நிற்கிற பாஸ்டர் நிறுவனத்தை நீங்கள் தினமும் கடந்து போகிறீர்கள். 1902-இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண்ணை வெறிநாய் கடித்தது. அப்போது இந்தியாவில் வெறிநாய்க்கடிக்கு ஊசி போட்ட நிலையம் இமயமலை அடிவாரத்தில் கசௌலியில் மட்டுமே இருந்தது. 1900-இல் தொடங்கியது அது. தெற்கே இருந்த அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை, இறந்துபோனார். அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்திருந்த நன்கொடையில் ஒரு பகுதி இந்த மலைக்கு வந்தது. 1907-இல் தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது.  மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899-லேயே குன்னூர் வரை வந்துவிட்டதால், நாய் கடித்தவர்கள் தெற்கின் பல மூலைகளிலிருந்தும் ஏறி வர வழியிருந்தது.

அன்று கொடுத்த தடுப்பூசி எப்படிப்பட்டது? கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் உருவாக்கிய முறையில், வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து, அந்த மூளைக் கரைசலையே ஊசியில் ஏற்றினார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான் இது. அது எத்தனையோ உயிர்களைக் காத்தது. சிலருக்குக் கேடும் செய்தது. ஆட்டு மூளையின் நரம்புப் பொருளை எதிர்க்கக் கிளம்பிய உடல், தன் நரம்புகளையே தாக்கியது. ஊசி தொடங்கி இரண்டு வாரத்தில் கால் விழுந்தவர்கள் உண்டு, மூளை வீங்கி இறந்தவர்களும் உண்டு. இந்த நரம்புக் கேடு நான் பேச வந்த சீரம் நோய் அல்ல. அதில் முக்கிய வேலை செய்வது வெள்ளணுக்கள். ஆனாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்று: அயல் புரதத்தை உடல் மறப்பதில்லை, அதற்குப் பதில் சொல்லச் சில நாள் எடுத்துக்கொள்கிறது. குன்னூர் விஞ்ஞானிகள் இந்தக் கேட்டைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். டாக்டர் என். வீரராகவன் இயக்குநராக இருந்த காலத்தில், 1952-இல், உலக சுகாதார நிறுவனத்தின் ரேபிஸ் பயிற்சி இதே ஊரில்தான் நடந்தது. ஆட்டு மூளைத் தடுப்பூசி இந்தியாவில் முற்றாக நின்றது 2004-இன் இறுதியில். இன்று திசு வளர்ப்பு முறையில் தூய்மையான தடுப்பூசி செய்கிறார்கள். அதை யாரும் அஞ்ச வேண்டியதில்லை. பதினான்கு ஊசிக் காலத்துப் பயத்தை இன்றைய ஊசியின்மேல் ஏற்றி, நாய் கடித்த பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பது பெரும் தவறு. வெறிநோய் வந்துவிட்டால் ஏறக்குறைய நிச்சயமான மரணம்.

சரி, சீரம் நோய் முதலில் எங்கே கண்டறியப்பட்டது? வியன்னாவில். 1890-இல் பேரிங்கும் ஜப்பானியர் கிடாசாட்டோவும் ஒரு வழி கண்டார்கள். தொண்டை அடைப்பான், இசிவு நோய்களின் நச்சை ஒரு விலங்குக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்தால், அதன் ரத்தத்தில் எதிர்நச்சு உண்டாகிறது. அந்த ரத்தத்தின் தெளிநீரை, அதாவது சீரத்தை, நோயாளிக்குச் செலுத்தலாம். குதிரை பெரிய விலங்கு, நிறைய சீரம் தரும். அதனால் குதிரைச் சீரம் பரவியது. தொண்டை அடைப்பானில் மூச்சு முட்டிச் சாகவிருந்த குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் பிழைத்த குழந்தைகளில் பலருக்கு எட்டாம் நாள், பத்தாம் நாள் வாக்கில் காய்ச்சல், தடிப்பு, நெறிகட்டுதல், மூட்டுவலி, முகவீக்கம் வந்தன. மருத்துவர்கள் இதைச் சீரத்தில் இருந்த ஏதோ நஞ்சு என்றார்கள்.

வியன்னாக் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த இரண்டு இளம் மருத்துவர்கள், கிளெமன்ஸ் ஃபான் பிர்க்கே என்பவரும் பேலா ஷிக் என்பவரும், படுக்கையருகே உட்கார்ந்து நாள் எண்ணினார்கள். சீரத்தில் நஞ்சு இருந்தால் ஊசி போட்ட அன்றே அல்லவா வேலை காட்ட வேண்டும்? ஏன் எட்டு நாள்? அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றையும் கேட்டார்கள். முன்பு ஒருமுறை குதிரைச் சீரம் பெற்ற குழந்தைக்கு மறுபடி கொடுத்தால், அதே நோய் ஏன் சில நாட்களிலேயே, சில சமயம் சில மணி நேரத்திலேயே வருகிறது? நஞ்சு அதே நஞ்சு. மாறியிருப்பது குழந்தையின் உடல். ஆகவே நோயை உண்டாக்குவது சீரம் மட்டும் இல்லை, சீரமும் அதற்கு எதிராக உடல் செய்த பொருளும் சந்திப்பதுதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். 1905-இல் இதை ஒரு நூலாகவே எழுதினார்கள். இன்றும் அதைப் படித்தால் வியப்பாக இருக்கும். ஆய்வுக்கூடக் கருவி எதுவும் சொல்லாததை, நாட்காட்டியும் கவனமும் சொல்லியிருக்கின்றன. சீரத்தின் அளவு கூடக் கூட நோய் வருவோர் தொகையும் கூடுகிறது என்பதையும் அப்போதே கண்டுகொண்டார்கள். இந்தச் செய்தியை நினைவில் வைத்திருங்கள், பாம்புக்கடிக்கு வரும்போது தேவைப்படும்.

உடலுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். குதிரைப் புரதம் உள்ளே போனதும் ரத்தத்தில் சுற்றுகிறது. உடலின் எதிர்ப்புப் படை அதை அடையாளம் கண்டு, அதற்கென்றே ஒரு எதிர்ப்புப் புரதத்தை, அதாவது ஆன்டிபாடியை, தயாரிக்கத் தொடங்குகிறது. முதல்முறை என்றால் இதற்கு ஒரு வாரம் பிடிக்கும். ஏழாம் நாள், எட்டாம் நாள் ஆன்டிபாடி ரத்தத்தில் இறங்கும்போது குதிரைப் புரதம் இன்னும் மிச்சம் இருக்கிறது. இரண்டும் பிணைந்து கூட்டுத் துகள்களாகின்றன. ஆன்டிபாடி நிறைய இருந்தால் துகள்கள் பெரிதாகத் திரளும். கல்லீரலும் மண்ணீரலும் அவற்றை எளிதாக விழுங்கித் துப்புரவு செய்துவிடும். தொடக்கத்தில் ஆன்டிபாடி குறைவு, அயல் புரதம் அதிகம். அப்போது உண்டாகும் துகள்கள் சிறியவை. இங்கேதான் சிக்கல். தேநீர் வடிகட்டியை நினைத்துப் பாருங்கள். முழு இலைச் சக்கை வடிகட்டியின் மேலே நிற்கும், ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும். டஸ்ட் டீயின் பொடியோ கண்ணிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அப்படித்தான் இந்தச் சிறு துகள்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில், மூட்டுச் சவ்வில், சிறுநீரகத்தின் வடிப்பான்களில் படிகின்றன. படிந்த இடத்தில் 'காம்ப்ளிமென்ட்' எனப்படும் ரத்தப் புரதங்கள் விழித்துக்கொள்கின்றன, வெள்ளணுக்களை அழைக்கின்றன, அங்கே அழற்சி மூள்கிறது. தோலில் அது தடிப்பு, மூட்டில் வீக்கம், சிறுநீரகத்தில் புரத ஒழுக்கு.

அமெரிக்கர் ஃப்ராங்க் டிக்ஸனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1950-களில் முயல்களுக்கு மாட்டுப் புரதம் செலுத்தி, நாளுக்கு நாள் ரத்தத்தை அளந்து இதைக் காட்டினார்கள். முதல் வாரம் புரதம் மெதுவாகக் குறைகிறது. அதன் பிறகு ஓரிரு நாளில் மளமளவென்று வீழ்கிறது. அந்த வீழ்ச்சியின்போதே காம்ப்ளிமென்ட் குறைகிறது, மூட்டிலும் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாயிலும் புண் தோன்றுகிறது. புரதம் முழுதும் தீர்ந்து ஆன்டிபாடி மட்டும் மிஞ்சியதும் எல்லாம் ஆறத் தொடங்குகிறது. இந்த நோய் தானாக வந்து தானாகப் போவதன் காரணம் இதுதான்: மிச்சமிருந்த புரதம் தீர்ந்தால் நோயும் தீர்ந்தது. குழந்தைகளுக்குச் சிரங்கோ தொண்டைப் புண்ணோ வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து முகம் வீங்கி, சிறுநீர் கறுத்துப் போவதைத் தோட்டச் செவிலியர்கள் கண்டிருப்பீர்கள். அங்கேயும் ஏறத்தாழ இதே கதைதான். குதிரைப் புரதத்தின் இடத்தில் கிருமியின் புரதம்.

இதற்கு உறவான இன்னொன்றைச் சொல்லிவிட்டுப் பாம்புக்கு வருகிறேன், ஏனென்றால் அது நம் தோட்டங்களில் தினசரி நடக்கிறது. மாரிஸ் ஆர்த்தஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1903-இல் முயல்களின் தோலுக்கடியில் சில நாட்களுக்கு ஒருமுறை குதிரைச் சீரம் போட்டுவந்தார். முதல் ஊசிகள் தடயமின்றிக் கரைந்தன. நாலாவது ஊசியில் வீக்கம் கரையாமல் நின்றது. பின்னர் போட்ட ஊசிகளில் தோல் கறுத்து அழுகியது. உடலில் ஆன்டிபாடி ஏற்கெனவே நிறைந்திருந்தால், ஊசி போட்ட இடத்திலேயே கூட்டுத் துகள்கள் உண்டாகி அங்கேயே அழற்சி மூள்கிறது. இப்போது நம் தோட்டத்துக்கு வாருங்கள். கவாத்துக் கத்தி பட்டால் இசிவுக்கு ஒரு டி.டி. ஊசி. வேலிக் கம்பி கீறினால் ஒரு டி.டி. ஊசி. போன மாதம் போட்டது நினைவில்லை, சீட்டும் இல்லை, இந்த மாதம் இன்னொன்று. சிலருக்கு மறுநாளே தோளிலிருந்து முழங்கை வரை சிவந்து வீங்குவது இதனால்தான். ஊசியில் கோளாறு இல்லை, தேவைக்கு மேல் போட்டதில்தான் கோளாறு. இசிவுத் தடுப்பூசியை முறைப்படி முழுமையாகப் போட்டவருக்குச் சுத்தமான சிறு காயம் என்றால் பத்தாண்டுக்குள் மறுபடி தேவையில்லை, மண்பட்ட காயம் என்றால் ஐந்தாண்டு. ஊசிக்கு முன் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், அதில் யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம். வயதானவர்களுக்கு 'ஏ.டி.எஸ்.' என்ற ஊசி நினைவிருக்கலாம். அது இசிவுக்கான குதிரைச் சீரம். இன்று அதன் இடத்தை மனித ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து பிடித்திருக்கிறது.

இனி பாம்பு. நம் உயர்ந்த மலைப்பகுதியில் நச்சுப் பாம்புகள் குறைவு. கூடலூர், மசினகுடி, கல்லாறு என்று இறங்க இறங்கக் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் கட்டுவிரியனும் வருகின்றன. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கானது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியைத் தருகிறவர்கள் நம் இருளர்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவர்களுடையது. விஷத்தைச் சிறு சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் ரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறார்கள். ஒரு குப்பி பத்து மில்லி. விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால் முதல் தவணையே எட்டு முதல் பத்துக் குப்பி. தேவைப்பட்டால் அதற்கு மேலும் உண்டு. அப்படியென்றால் எவ்வளவு குதிரைப் புரதம் ஒரே நாளில் உடலுக்குள் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். குழந்தைக்கும் பெரியவர்களுக்கான அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு குழந்தை என்று பார்த்துக் குறைவாக விஷம் விடுவதில்லை. சின்ன உடம்புக்கு அந்தப் புரதம் இன்னும் பெரிய சுமை. பிர்க்கேயும் ஷிக்கும் சொன்ன அளவுக் கணக்கு இங்கே வந்து நிற்கிறது.

இதற்காக விஷமுறிவு மருந்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஒருபோதும் முடியாது. கண்ணாடி விரியன் கடித்து ரத்தம் உறையாமல் போகிறவருக்கு வேறு மருந்து கிடையாது. எட்டாம் நாள் அரிப்பு வருமே என்று முதல் நாள் உயிரை விட முடியாது. நான் சொல்வது வேறு: தேவையில்லாதவருக்கு இந்த மருந்து போகக் கூடாது. தேயிலைச் செடியிலும் மூங்கில் புதரிலும் இருக்கிற மூங்கில் விரியன், மலபார் குழிவிரியன் போன்றவற்றின் விஷத்துக்கு இந்த மருந்து செய்யப்படவில்லை. அவை கடித்தவருக்கு வலி, வீக்கம், சில சமயம் ரத்தக்கசிவு வரும், கண்காணிப்பும் சிகிச்சையும் வேண்டும். நான்கு பாம்புக்கான மருந்தை அவருக்குக் குப்பி குப்பியாக ஏற்றினால் பயனும் கிடைக்காது, குதிரைப் புரதத்தின் தொல்லை மட்டும் மிஞ்சும். அறிகுறி எதுவும் இல்லாமல் பல் தடம் மட்டும் இருப்பவருக்கும் அப்படித்தான். "ஏன் டாக்டர் இன்னும் ஊசி போடல" என்று சண்டை போடும் உறவினர்கள் இதைத் தயவுசெய்து கேட்க வேண்டும். காத்திருந்து பார்ப்பதும் சிகிச்சைதான். கடித்த பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போகாதீர்கள். பாதுகாப்பாக முடிந்தால் செல்போனில் ஒரு படம் போதும்.

உடனே வருகிற எதிர்வினையைத் தடுக்க நம் பக்கத்து நாட்டில் நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. இந்திய விஷமுறிவு மருந்தையே பயன்படுத்தும் இலங்கையில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் செய்து 2011-இல் வெளியிட்டார்கள். மருந்துக்கு முன் சிறிதளவு அட்ரினலின் தோலுக்கடியில் போட்டால், முதல் ஒரு மணி நேரத்தில் வரும் கடுமையான எதிர்வினைகள் 43 சதவீதம் குறைகின்றன என்று கண்டார்கள். எட்டாம் நாள் நோயை அது தடுக்குமென்று எண்ணிவிடக் கூடாது. இரண்டும் வெவ்வேறு பாதை. அதே போல, கையில் ஒரு சொட்டுப் போட்டுப் பார்க்கும் 'டெஸ்ட் டோஸ்' சீரம் நோயைப் பற்றி எதையுமே சொல்லாது. சொட்டுப் போட்ட இடம் அரை மணி நேரத்தில் சிவக்கவில்லை என்பதால் எட்டாம் நாள் எதுவும் வராது என்று ஆகிவிடாது. விஷமுறிவு மருந்துக்கும், வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசியோடு தரும் சீரத்துக்கும் இந்தச் சோதனை தேவையில்லை என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்காகச் செலவழிக்கும் நேரத்தை, அட்ரினலின் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் செலவழிக்கலாம்.

வெறிநாய்க்கடிச் சீரத்தின் அருமையை உலகம் உணர்ந்தது 1954-இல் ஈரானில். ஒரே இரவில் ஒரு வெறி ஓநாய் 29 பேரைக் கடித்தது. தலையில் ஆழமாகக் கடிபட்டவர்களில் தடுப்பூசி மட்டும் பெற்ற ஐவரில் மூவர் இறந்தார்கள். சீரமும் சேர்த்துப் பெற்ற பதின்மூவரில் ஒருவர்தான் இறந்தார். தோல் கிழிந்து ரத்தம் வந்த நாய்க்கடிக்குத் தடுப்பூசியோடு சீரமும் கட்டாயம் என்பதற்கு ஆதாரம் அது. குதிரைச் சீரத்தை இன்று பெப்சின் கொண்டு வெட்டிச் சுத்திகரிக்கிறார்கள், அந்தக் காலத்துச் சீரம் தந்த தொல்லை பெரிதும் குறைந்திருக்கிறது. காயத்தைச் சுற்றி மட்டும் செலுத்தினால் போதும், மிச்சத்தைத் தொடையில் போட வேண்டாம் என்று 2018 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்வதால், உள்ளே போகும் அளவும் குறைகிறது. குதிரையே தேவைப்படாத ஒற்றை ஆன்டிபாடி மருந்துகளும் இந்தியாவில் வந்துவிட்டன. அவை எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

புதிய தடுப்பூசிக்கும் இந்தப் பாடம் பொருந்தியது ஒருமுறை. மனித செல்களில் வளர்த்த ரேபிஸ் தடுப்பூசியை முன்பே போட்டுக்கொண்டவர்களுக்கு ஊக்க ஊசி போட்டபோது, நூற்றுக்கு ஆறு பேர் அளவில் தடிப்பும் மூட்டுவலியும் வந்ததாக அமெரிக்காவில் 1984-இல் பதிவானது. விலங்குப் புரதம் அதில் காரணம் இல்லை. கிருமியைச் செயலிழக்கச் செய்யும் பீட்டா புரோப்பியோலாக்டோன் என்ற ரசாயனம், தடுப்பூசியில் கலந்திருந்த மனித அல்புமினைச் சற்றே மாற்றிவிட்டது. மாறிய அந்தப் புரதத்தை உடல் அயலானாக எண்ணியது. மருந்துகள் நோய் செய்வதும் இதே வழியில்தான். பெனிசிலின் மிகச் சிறிய மூலக்கூறு. தனியாக இருந்தால் உடல் அதைக் கண்டுகொள்ளாது. அது நம் ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்போது புதிய முகம் பெறுகிறது. பெனிசிலின், சல்ஃபா மருந்துகள், செஃபக்ளோர் போன்றவற்றைத் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சலும் வட்ட வட்டமாகத் தடிப்பும் மூட்டு வீக்கமும் வருவதுண்டு. செஃபக்ளோரில் உண்மையான கூட்டுத் துகள்கள் ரத்தத்தில் தென்படுவதில்லை, அதனால் அதைச் சீரம் நோய் போன்றது என்று மட்டுமே சொல்கிறோம். வீட்டில் செய்ய வேண்டியது இரண்டுக்கும் ஒன்றுதான்: மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போவது. காய்ச்சல் திரும்பிவிட்டதே என்று அதே ஆன்டிபயாட்டிக்கை மெடிக்கல் ஷாப்பில் மறுபடி வாங்கிக் கொடுப்பதுதான் நம் வழக்கம். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிற வேலை அது.

நோய் வந்தால் பெரும்பாலும் அரிப்புக்கு ஒரு மாத்திரையும் வலிக்கு ஒரு மாத்திரையும் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். கடுமையாக இருந்தால் மருத்துவர் சில நாட்களுக்கு ஸ்டீராய்டு கொடுப்பார். நீங்களாக அதை வாங்கிச் சாப்பிடாதீர்கள். பாம்பு கடித்தவர்கள் வலி மாத்திரையையும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும், சிறுநீரகம் ஏற்கெனவே நொந்திருக்கும். சிறுநீர் குறைந்தால், நிறம் கறுத்தால், மூச்சு முட்டினால், தோளும் கையும் வலித்துப் பலமிழந்தால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாயிலும் கண்ணிலும் புண் வந்து தோல் கொப்பளித்தால் அது வேறொரு கொடிய மருந்து எதிர்வினை, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஒருமுறை சீரம் நோய் வந்தவருக்கு மறுபடி பாம்பு கடித்தால் விஷமுறிவு மருந்து கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். கொடுக்க வேண்டும். ஆனால் கொடுப்பவருக்கு அந்தப் பழைய கதை தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இம்முறை எதிர்வினை முந்திக்கொண்டு வரும். அட்ரினலினோடு தயாராக நின்று கொடுப்பார்கள். அந்தக் கதையை அவருக்கு யார் சொல்வது? நோயாளியிடம் ஒரு சீட்டு இருந்தால் சீட்டு சொல்லும்.

இந்தச் சீட்டைக் கேட்டுத்தான் உங்கள் முன் நிற்கிறேன். குதிரைச் சீரம் பெற்ற ஒவ்வொருவரையும் வீட்டுக்கு அனுப்பும்போது, எந்த மருந்து, எத்தனை குப்பி, எந்தத் தேதி என்று எழுதி, அதன் கீழே தமிழில் இப்படி நாலு வரி போட்டுக் கொடுங்கள்: "ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், அரிப்பு, மூட்டுவலி வரலாம். விஷம் திரும்பி வந்ததாக எண்ண வேண்டாம். இந்தச் சீட்டோடு அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். இந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள்." தோட்ட டிஸ்பென்சரியில் பணிபுரியும் தங்கைகளும் தம்பிகளும், தடிப்போடு காய்ச்சல் என்று யார் வந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "மூணு வாரத்துக்குள்ள ஏதாவது ஊசி போட்டீங்களா, புது மாத்திரை சாப்பிட்டீங்களா?" ஒரு நாள் கூலி போய்விடுமே என்று காய்ச்சலோடு கொழுந்து பறிக்கப் போகிற பெண்ணுக்கு, இரண்டு நாள் ஓய்வெழுதிக் கொடுங்கள். நோயாளிகளாக வருகிற நீங்களும் டிஸ்சார்ஜ் ஆகும்போது சும்மா கிளம்பிவிடாதீர்கள். "ஒரு வாரம் கழிச்சு எனக்கு என்ன வரலாம்?" என்று மருத்துவரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, சொல்வது எங்கள் கடமை. இந்த மாவட்டத்தில் விஷமுறிவு மருந்தும் வெறிநாய்க்கடிச் சீரமும் போடுகிற எல்லா மருத்துவமனைகளும் இந்தச் சீட்டைக் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.